உங்களுக்குத் தெரியுமா? கோலம் இல்லாத வாசல்

ஆளில்லாத வீட்டைத் திருடன் வாசலை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறான். சித்தூரிலும் திருப்பதியிலும் விடிந்ததும் தண்ணீர் தெளித்து முக்கு போடாத வீடு அபூர்வம். தெலுங்கில் முக்கு என்றால் நம் கோலம்தான். நாலு நாள் கோலம் இல்லை, சருகு கூட்டவில்லை, பேப்பர் எடுக்கவில்லை என்றால் அவனுக்குப் போதும். "வாசலை மட்டும் பெருக்கி ஒரு கோலம் போட்டுடுங்கக்கா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள். ஆந்திரக் காவல்துறையின் எல்.எச்.எம்.எஸ். செயலியும் பூட்டிய வீட்டைக் காக்கத்தான். வெளியூர் போவதைப் பதிவு செய்தால், போலீசாரே வந்து வீட்டுக்குள் கேமரா வைப்பார்கள். கட்டணம் கிடையாது.

கோலம் மட்டுமல்ல, வாசலில் மரம் இருந்தாலும் களவு குறையுமா? சிகாகோவின் ஐடா பி. வெல்ஸ் அரசுக் குடியிருப்பில் 98 கட்டடங்களின் போலீஸ் பதிவுகளை ஃபிரான்சிஸ் குவோவும் வில்லியம் சல்லிவனும் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். வெறுந்தரையாகக் கிடந்த கட்டடங்களைவிட மரமும் புல்லும் நிறைந்தவற்றில் குற்றங்கள் 52 சதவீதம் குறைவு. நிழல் இருந்தால் ஜனம் வெளியே வந்து உட்காரும், தெருவில் நாலு கண் இருக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாவைத் தாண்டி எவன் உள்ளே நுழைவான்?

பிலடெல்பியாவில் 541 காலி மனைகளைக் கொண்டு ஒரு சோதனை. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மனைகளில் குப்பையை அள்ளி, புல் விதைத்து, சில மரம் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். ஏழைகள் வாழும் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்ததாக 2018இல் முடிவு வந்தது. சீமைக்கருவேலமும் உடைந்த பாட்டிலுமாகக் கிடக்கும் நம் ஊர்க் காலி மனைகளுக்கும் இதைச் செய்ய வேண்டும். பெரிய செலவில்லை.

ஆனால் புதராக விடாதீர்கள். போர்ட்லாந்து நகரில் ஓங்கிய மரங்கள் இருந்த வீடுகளில் குற்றம் குறைவு, பார்வையை மறைக்கும் குட்டை மரங்கள் இருந்த இடத்தில் அதிகம் என்கிறது 2012 ஆய்வு. வேலிச்செடி இடுப்பளவு போதும்.

மரமே களவுபோகும் ஊரும் திருப்பதிதான். சேஷாசலம் மலைச் செம்மரத்தைக் காக்கத் தனிப்படையே இருக்கிறது. வெட்டுக்கூலிக்குத் தமிழ்நாட்டு மலையூர்களில் தரகர்கள் ஆள் பிடிக்கிறார்கள். விலை பேசுகிறவர்கள் காட்டுப் பக்கம் வருவதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி அருகே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளிகள் 20 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் வீட்டு வாசலில் அன்று கோலம் இருந்திருக்காது.