ஆபீஸ் காலி பண்ணும்போது அந்த கம்ப்யூட்டர் எல்லாம் எங்க போகுது?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தா நாம எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "எந்த கம்பெனி வருது?" ஆனா ஓ.எம்.ஆர்., கிண்டி, அம்பத்தூர் பக்கம் வருஷம் முழுக்க கம்பெனிகள் இடத்தைக் காலி பண்ணிக்கிட்டும் இருக்காங்க. லீஸ் முடியும், சின்ன இடத்துக்கு மாறுவாங்க, பாதி பேர் வீட்டிலிருந்து வேலை செய்றதால ரெண்டு ஃப்ளோரை ஒண்ணாக்குவாங்க. நானூறு பேர் உட்கார்ந்த ஒரு ஃப்ளோரைக் காலி பண்ணினா என்னென்ன மிஞ்சும்னு யோசிச்சுப் பாருங்க. மானிட்டர், லேப்டாப், சர்வர், யு.பி.எஸ். பேட்டரி, ஏ.சி., ட்யூப் லைட், நாற்காலி, ஃபைல், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல யாரும் பார்க்காத கட்டுக்கட்டா கேபிள். பில்டிங் ஓனர் சொன்ன தேதிக்குள்ள இதெல்லாம் வெளிய போகணும்.

பிரச்சனையே அந்தத் தேதிதான். கடைசி வாரத்துல ஒரு ஸ்கிராப் வியாபாரியைக் கூப்பிட்டு, "எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு ரேட் சொல்லுங்க"ன்னு முடிச்சிடுவாங்க. அவர் காசு வர்ற பொருளைப் பிரிச்சு எடுத்துப்பார். காசு வராத பொருள், அதாவது தெர்மோகோல், கார்ப்பெட், லேமினேட் ஒட்டின பார்ட்டிகிள் போர்டு மேஜை எல்லாம், குப்பைமேட்டுக்குப் போகும். தென்சென்னைக் குப்பை பல வருஷமா போய்க் குவிஞ்ச பெருங்குடி குப்பைமேடு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துலதான் இருக்கு. நம்ம சீனியர்ஸ் வேலை பார்க்கிற கண்ணாடி பில்டிங்குகளுக்குப் பக்கத்துலயே! 2022-ல அந்த சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அந்தஸ்து கிடைச்சது.

சரி, காசு வர்ற பொருளுக்குப் பிரச்சனை இல்லையேன்னு தோணும். உண்மையில பெரிய ஆபத்து அங்கதான்.

கேபிளை எடுத்துக்குவோம். உள்ள செம்பு, மேல பி.வி.சி. செம்பை எடுக்க ரொம்ப சுலபமான வழி தீ வைக்கிறது. பி.வி.சி.யில குளோரின் இருக்கறதால, எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வரும். சர்க்யூட் போர்டுல தங்கம் கொஞ்சமா இருக்கும். அதை எடுக்க போர்டை ஆசிட்ல ஊற வைப்பாங்க. தங்கமும் செம்பும் ஓரளவு கிடைக்கும், மத்த உலோகம் பலதும் வீண். மிஞ்சின ஆசிட் ஈயத்தையும் சேர்த்துக்கிட்டு சாக்கடையில கலக்கும்.

பழைய இரும்புக் கடைக்காரங்களைக் குறை சொல்றதுக்காக இதை எழுதல. பொருளைச் சேகரிச்சு, கையால கழட்டி, வகைவகையாப் பிரிக்கிற வேலையில அவங்களை மிஞ்ச ஆளே கிடையாது. கழட்டற வரைக்கும் ஓகே, அதுக்கப்புறம் வர்ற கெமிஸ்ட்ரிதான் அங்க நடக்கக் கூடாது. கேபிளைத் துண்டாக்கி, அடர்த்தி வித்தியாசத்தை வெச்சே செம்பையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்கிற மெஷின் இருக்கு. போர்டுகளை உருக்குற பெரிய ஆலைகள்ல, உருகின செம்புலயே தங்கம், வெள்ளி, பல்லேடியம் எல்லாம் கரைஞ்சு சேர்ந்துக்கும், பிறகு ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுப்பாங்க. பெல்ஜியத்துல ஹோபோக்கன்ல இருக்கிற யூமிகோர் ஆலை இதுக்குப் பேர் போனது. புகையைச் சுத்தம் பண்ற அமைப்பும் அதோட சேர்ந்தே இருக்கும். அந்தச் செலவு பண்ண முடியாததாலதான் சின்ன இடங்கள்ல அந்த வேலை ஆபத்தா மாறுது.

இப்போ ஐ.டி. மக்கள் கவனிக்க வேண்டிய விஷயம்: டேட்டா. அமெரிக்காவுல மோர்கன் ஸ்டான்லியோட ஒரு பிரிவு, பழைய சர்வர், ஹார்ட் டிஸ்க்கை அப்புறப்படுத்த ஒரு பொருள் இடமாற்றும் கம்பெனியை அமர்த்தினாங்க. அந்தக் கம்பெனிக்கு டேட்டாவை அழிக்கிறதுல அனுபவமே கிடையாது. அவங்க ஆயிரக்கணக்கான டிவைஸை இன்னொருத்தருக்கு வித்தாங்க, அதுல சிலது கஸ்டமர் விவரத்தோட இன்டர்நெட் ஏலத்துக்கே வந்துடுச்சு. சுமார் 1.5 கோடி கஸ்டமர்களோட விவரத்தைப் பாதுகாக்கத் தவறினதா சொல்லி, 2022 செப்டம்பர்ல அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 3.5 கோடி டாலர் அபராதம் போட்டது.

இந்த மாதிரி செய்தியைக் கேட்டதும் எந்த மேனேஜரும் சொல்ற வார்த்தை, "எல்லா டிஸ்க்கையும் நொறுக்கிடுங்க!" எனக்கு அதுல உடன்பாடு இல்ல. டெலீட், குயிக் ஃபார்மேட் ரெண்டும் புத்தகத்தோட பொருளடக்கப் பக்கத்தைக் கிழிக்கிற மாதிரிதான், பாடம் உள்ளயே இருக்கும். ஆனா ஹார்ட் டிஸ்க்கை முழுசா ஒரு தடவை ஓவர்ரைட் பண்ணி, வெரிஃபை பண்ணினா சாதாரண ஆபீஸ் டேட்டாவுக்குப் போதும். எஸ்.எஸ்.டி. கதை வேற. வேர் லெவலிங் இருக்கறதால நாம எழுதறது எந்த செல்லுக்குப் போகுதுன்னு நம்ம கையில இல்ல. அதனால டிரைவ்லயே இருக்கிற சானிடைஸ் கமாண்டை ஓட்டணும், இல்ல முதல்லயே என்கிரிப்ட் பண்ணி வெச்சிருந்தா கீயை அழிச்சாலே போதும். காந்தத்தை வெச்சு அழிக்கலாம்னு யாராவது சொன்னா, எஸ்.எஸ்.டி. சிரிக்கும். இந்த முறைகளை எல்லாம் அமெரிக்காவோட நிஸ்ட் 800-88 ஆவணம் படிப்படியா பிரிச்சுச் சொல்லுது. நொறுக்கறது அதுல கடைசிப் படி. ஒரு லேப்டாப்போட ஆயுள் முழுக்க வர்ற கார்பன்ல பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வந்துடும். சரியா துடைச்சா அதே லேப்டாப் ஒரு ஸ்கூல்ல இன்னும் மூணு, நாலு வருஷம் ஓடும். ரீசைக்கிளிங்கை விட அதுதான் பெரிய லாபம்.

மெக்கானிக்கல் மக்களுக்கு: ஏ.சி.யைக் கழட்டும்போது பைப்பை அப்படியே வெட்டிட்டா கேஸ் மொத்தமும் காத்துல போயிடும். ஆர்-410ஏ கேஸோட வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 2,000 மடங்கு. லிக்விட் வால்வை மூடி, கம்ப்ரஸரை ஓட்டி, கேஸை அவுட்டோர் யூனிட்டுக்கு இழுத்துட்டு அடுத்த வால்வை மூடணும். பம்ப் டவுன்னு பேரு, சில நிமிஷ வேலை. யு.பி.எஸ். பேட்டரிக்குள்ள ஈயம், அதுவும் பதிவு பெற்ற இடத்துக்குத்தான் போகணும். ட்யூப் லைட்டுல பாதரசம் இருக்கறதால உடைக்காம தனியா கட்டணும். பேப்பரைத் தேவைக்கு மேல பொடிப்பொடியா ஷ்ரெட் பண்ணினா நார் சின்னதாகி தரம் குறையும். ஸ்டீல் பீரோ மட்டும் எந்தக் கவலையும் இல்லாம உருகிப் போயிடும்.

சட்டமும் இருக்கு. மின்னணுக் கழிவு விதிகள் 2022, அமலுக்கு வந்தது 2023 ஏப்ரல் 1. பட்டியல்ல உள்ள சாதனங்கள் ஒரு நிதியாண்டுல எப்போதாவது 1,000 இருந்தாலே அந்த நிறுவனம் 'பெருநுகர்வோர்'. கழிவைப் பதிவு பெற்ற தயாரிப்பாளர், ரீஃபர்பிஷர், ரீசைக்கிளர்கிட்டதான் கொடுக்கணும். யார்கிட்ட பதிவு இருக்குன்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட போர்ட்டல்ல பார்க்கலாம். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆபீஸ் மாறுற மெயில் வந்தா, "ரீசைக்கிளர் யாரு?"ன்னு அன்னைக்கே கேளுங்க. கடைசி வாரம் கேட்டா அந்த ஒத்தை ரேட் வியாபாரிதான் பதிலா வருவார். வாங்குற சான்றிதழ்ல "கம்ப்யூட்டர் ஒரு லாட்"னு இருந்தா பிரயோஜனம் இல்ல, ஒவ்வொரு டிஸ்க்கோட சீரியல் நம்பரும் இருக்கணும்.

இன்னொண்ணு. அந்த 1,000 கணக்கு ஐ.டி. கம்பெனிக்கு மட்டும் கிடையாது, காலேஜுக்கும்தான். எல்லா டிபார்ட்மென்ட் லேபையும், லைப்ரரியையும், ஆபீஸையும், ஹாஸ்டல் ஏ.சி.யையும் கூட்டினா எவ்வளவு வரும்? ஸ்டாக் ரிஜிஸ்டர் லேப் அசிஸ்டென்ட் அண்ணாகிட்ட இருக்கும், கேட்டுப் பாருங்க.