கடல் கொள்ளும் நிலம்

இங்கிலாந்தின் கீழ்க்கரையில், யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஹோல்டர்னஸ் என்னும் பிரதேசம் பனியாறு தந்த பூமியாகும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே படர்ந்திருந்த பனிக்கட்டி, தான் அரைத்துச் சுமந்துவந்த களிமண்ணையும் கற்களையும் குவித்துவிட்டு உருகி மறைந்தது. பாறையின் உறுதி அம்மண்ணுக்கு ஏது? அலைகள் அடியை அரிக்க, மழையில் ஊறிய மேற்பாகம் சரிந்து விழுகிறது. கரை ஆண்டுக்குச் சராசரி சுமார் 2 மீட்டர் பின்வாங்குகிறது. பார்லிமெண்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பிய ரேவன்சர் ஆட் என்னும் பட்டினமே 14-ஆம் நூற்றாண்டில் கடலுள் மறைந்தது.

1991-இல் மேப்பிள்டன் கிராமத்தையும் அதன் சாலையையும் காக்கும்பொருட்டு இரண்டு கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். தெற்கு நோக்கி நகரும் மணல் அங்கே தங்கிற்று, கிராமம் பிழைத்தது. மணல் வரத்துக் குறைந்த தென்புறத்து வயல்களையோ அலைகள் முன்னிலும் வேகமாக விழுங்கலாயின. கடலரிப்பால் போகும் நிலத்துக்கு அந்நாட்டில் பொதுவாக நஷ்டஈடு கிடையாது. கிரயப் பத்திரம் மட்டும் பெட்டியில் பத்திரமாக இருக்கும்! இயற்கை கொண்டது போகட்டும். பொதுப்பணத்தில் எழுப்பிய சுவரால் விரைந்த நஷ்டத்தையும் குடியானவன் தலையிலேயே சுமத்துவது நியாயமாகுமா? அக்கற்களுக்குச் செலவிட்ட சுமார் 20 லட்சம் பவுனோடு அவன் வயலின் விலையையும் சேர்த்தே கணக்கிட்டிருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.