ஏசியைப் போட்டதும் வரும் வாடை

பாகூரிலும் வில்லியனூரிலும் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஒரு தொல்லையும் வந்து சேரும். காலையில் ஏசியைப் போட்டதும் மக்கிய ஈரத்துணி வாடை முகத்தில் அடிக்கும். சில நிமிடங்களில் அது பாதி குறைந்துவிடும். மீதிக்கு ஓட்டுபவரின் மூக்கு பழகிவிடும். திருக்காஞ்சி கோயிலுக்குப் போக ஏறிய குடும்பம்தான் முகம் சுளிக்கும். உடனே டேஷ்போர்டில் ஒரு சென்ட் டப்பா ஒட்டப்படுகிறது. அந்தக் காசு வீண். வாடை பிறக்கும் இடம் டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கிறது. சென்ட் அங்கே எட்டவே எட்டாது.

மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்று சொல்லும் அலுமினியச் சுருள்தான் அந்த இடம். ஏசி ஓடும்போது அது உறைநிலைக்குச் சற்று மேலே, சில டிகிரி குளிரில் இருக்கும். நம் கடலோரத்தில் மழைக்காலக் காற்று நீராவியைச் சுமந்தே வருகிறது. 25 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் இருக்கும். அதையே 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தங்கும். மிச்சம் அத்தனையும் சுருளின் மெல்லிய தகடுகளில் துளித்துளியாகப் படிந்து, ஒரு சிறு குழாய் வழியாக வண்டிக்குக் கீழே சொட்டுகிறது. ஏசி ஓடிய காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

வண்டியை நிறுத்தியதும் சுருள் வெதுவெதுப்பாகிறது. இருட்டு, ஈரம், தகடுகளில் ஒட்டிய தூசி மூன்றும் சேர்ந்தால் நுண்ணுயிர்களுக்கு வேறென்ன வேண்டும்? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் வாடை அடித்த கார்களின் ஏசி பாகங்களை ஆராய்ந்து, பெனிசிலியம் வகைப் பூஞ்சை அங்கே குடியேறியிருப்பதைக் கண்டார்கள். அவர்கள் அடுத்து ஆராய்ந்த மெத்திலோபாக்டீரியம், நெடி வீசும் கந்தகச் சேர்மங்களை வெளியிடுவது தெரியவந்தது. இந்தப் பாக்டீரியா இனம் நம் விவசாயிகளுக்கு அந்நியமில்லை. நெல் உட்படப் பல பயிர்களின் இலைகளில் இயல்பாகவே வாழ்வது. இலை வெளிவிடும் மெத்தனாலை உண்பது. வறட்சியைத் தாங்குவதற்காகப் பயிருக்குத் தெளிக்கச் சொல்லித் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தரும் பிபிஎஃப்எம் கரைசலில் இருப்பதும் இந்த இனம்தான். வயலில் அது உழவருக்குத் துணை. காயிலில் அதன் உறவுக்காரன் நமக்குத் தொல்லை.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். அறுவடைக் காலத்தில் நெல் சாலையிலேயே காயும். பதரும் உமித்தூசியும் பறக்கும் அந்தச் சாலையில் போகும் கார், வைப்பருக்கு அருகே உள்ள காற்றுவழியாக அதையும் உறிஞ்சுகிறது. வேம்பு, புளிய மரத்தடியில் நிறுத்தினால் இலைச்சருகு வேறு. ஏசி ஃபில்டர் இருக்கும் வண்டியில் இவை அங்கே தேங்கும். ஃபில்டரே இல்லாத பழைய வண்டிகளில் நேராகச் சுருளுக்குப் போய் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும்.

ஆகவே முதல் மருந்து உலரவிடுவது. வீடு சேர மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போது ஏசி பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு, ப்ளோயரை வேகமாக வைத்து வெளிக்காற்றை ஓடவிடலாம். ஆனால் அடைமழை நாளில் வெளிக்காற்றே ஈரம், இது போதாது. அப்போது திறந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, ஏசி இல்லாமல் ஹீட்டரைப் போட்டு, உள்காற்றையே சுற்றவிட வேண்டும். பெரும்பாலான கார்களில் ஹீட்டர் சுருளுக்கு அடுத்து இருப்பதால், சூடான காற்று திரும்பி வந்து அதைத் தொட்டால்தான் ஈரம் கிளம்பும். கிளம்பிய ஈரத்தைக் கதவுகளைத் திறந்து வெளியேற்றுங்கள். ஓடும் வண்டியில் வேண்டாம், கண்ணாடி மூடுபனி பிடிக்கும். மூடிய கொட்டகையிலும் வேண்டாம், இன்ஜின் புகை உயிரையே எடுக்கும்.

இடப்பக்கத் தரைவிரிப்பு நனைந்திருந்தால் தண்ணீர்க் குழாயைச் சேறு அடைத்திருக்கிறது என்று அறியலாம். படிந்துவிட்ட பூஞ்சைக்கு, காயிலுக்கென்றே விற்கும் நுரையைச் செலுத்தி ஊறவைத்து வடியவிடுவதுதான் முறை. பினாயிலும் பிளீச்சிங் கரைசலும் கூடவே கூடாது. குளோரின் அலுமினியத்தை அரிக்கும், அதன் நெடியை நாமே மூச்சிழுப்போம்.

எல்லா நாற்றமும் நுண்ணுயிரால் வருவதல்ல. வயலில் தண்ணீர் நிறைந்தால் எலிகள் மேட்டுக்கு ஏறும். சில, நிறுத்திய காருக்குள் புகுந்து ஃபில்டரைக் குதறிக் கூடு கட்டும். அதனால் வரும் அழுகல் நாற்றத்துக்கு ஃபில்டர் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையுறை போட்டு, கிருமிநாசினியால் முதலில் நனைத்து, பிறகே துடைக்கச் சொல்லுங்கள். காய்ந்தபடி தட்டக் கூடாது. இனிப்பு வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் சேர்ந்து வந்தால் ஹீட்டரில் கூலன்ட் கசிகிறது, அன்றே மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். ஃபில்டரை மாற்றுவதற்கு மாசிக் கடைசி சரியான நேரம்: சாலையில் நெல் காய்ந்து முடிந்திருக்கும், சித்திரை வெயிலில் ஏசி நாள் முழுக்க ஓடுவதற்கு இன்னும் சில வாரம் இருக்கும்.