வார்டிலிருந்து நிர்வாக அறைக்கு: செவிலியரின் மேற்படிப்பால் நோயாளிக்கு என்ன பயன்?

மருத்துவமனையில் நோயாளிக்கு அருகில் அதிக நேரம் இருப்பவர் செவிலியர். ஆனால் இரவில் ஒரு வார்டுக்கு எத்தனை செவிலியர் வேண்டும், எந்த மருந்து எவ்வளவு இருப்பில் இருக்க வேண்டும், வீடு திரும்புவோருக்கு யார் விளக்கம் சொல்ல வேண்டும் என்பனவெல்லாம் நிர்வாக அறையில் முடிவாகின்றன. அந்த அறையில் செவிலியர் ஒருவரும் அமர்ந்தால் நோயாளிக்கு என்ன பயன்? அதற்கு அவர் என்ன படிக்க வேண்டும்? பிள்ளைகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்ப எண்ணும் குடும்பங்கள் குன்னம் வட்டத்து ஊர்களில் உண்டு. அவர்களையும் மனத்தில் கொண்டே இதை எழுதுகிறோம்.

நிர்வாகம் செவிலியர் தொழிலுக்குப் புதியதன்று. 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்கூடாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல், காயத்தால் இறந்தவர்களைவிட நோய்த்தொற்றால் இறந்தவர்களே அதிகம் என்பதைக் கணக்கெடுத்துக் காட்டினார். கழிவுநீர்க் கால்வாயும் காற்றோட்டமும் சீரான பின் இறப்புகள் குறைந்தன. மருந்தோடு கணக்கேடும் உயிர் காக்கும் என்பதை அவரது பணி உணர்த்தியது.

தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ச் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. 1959இல் தில்லியின் ராஜகுமாரி அம்ரித் கௌர் செவிலியர் கல்லூரியில் முதுகலைப் படிப்பு வந்தது. இன்று பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஓராண்டு பணி அனுபவம் பெற்றவர் எம்.எஸ்சி. நர்சிங் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் முதலில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்க வேண்டும். எம்.எஸ்சி.யின் இரண்டாம் ஆண்டில் செவிலியர் நிர்வாகம் ஒரு தனிப் பாடம். பணியாளர் தேவையைக் கணக்கிடுதல், வரவு செலவுத் திட்டம், தரக் கண்காணிப்பு ஆகியவை அதில் இடம்பெறுகின்றன.

மற்றொரு வழி, மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம். எம்.எச்.ஏ., எம்.பி.ஏ. என்னும் பெயர்களில் அது நடத்தப்படுகிறது. எம்.எஸ்சி. படித்தவர் ஆசிரியராகவோ செவிலியர் கண்காணிப்பாளராகவோ தம் துறையிலேயே உயர்வார். நிர்வாகப் பட்டம் பெற்றவருக்குத் தரப் பிரிவு, காப்பீட்டுப் பிரிவு, நோயாளர் சேவைப் பிரிவு ஆகியவற்றின் கதவுகளும் திறக்கும். அரசுப் பணியிலோ கண்காணிப்பாளர் பதவிக்குப் பணிமூப்பே பெரிதும் கணக்கில் கொள்ளப்படுகிறது. பட்டம் மட்டும் அங்கே பதவி தராது என்பதையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம்.

இனி நோயாளியின் பக்கம் வருவோம். ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்றை 2014இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுதலாகும்போது, 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்ந்திருந்தது. செவிலியரில் பட்டதாரிகள் 10 விழுக்காடு கூடிய இடங்களில் அவ்வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்தது. எனவே பணிநேரப் பட்டியல் என்பது வெறும் காகிதமன்று. பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிகளுக்கு ஒருவர், கற்பிக்கும் மருத்துவமனைகளில் 3 நோயாளிகளுக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல். அந்த எண்ணிக்கை குறைந்தால் நள்ளிரவில் என்ன நேரும் என்பதை வார்டில் நின்றவர் அறிவார். நிதிக் கூட்டத்தில் அதை எண்களாக எடுத்துரைக்கும் திறனை மேற்படிப்பு அவருக்குத் தருகிறது.

சிறிய செய்திகளிலும் இந்த அறிவு உதவும். வீடு திரும்பும் சீட்டு மாலை தாண்டிக் கிடைத்தால், கிராமத்துக்குச் செல்லும் கடைசிப் பேருந்து போய்விடும். பருத்திக் காட்டையும் மக்காச்சோளக் கொல்லையையும் விட்டு வந்து உடனிருப்பவருக்கு மேலும் ஒரு நாள் கூலி போகும். இவற்றை வார்டில் கண்டவரே சீட்டு வழங்கும் நேரத்தை முன்னே நகர்த்த முயல்வார்.

இதில் இழப்பும் உண்டு. அனுபவம் மிக்க ஒருவர் நிர்வாகத்துக்குச் செல்லும்போது வார்டு ஒரு தேர்ந்த கையை இழக்கிறது. அவ்விடத்தை நிரப்பாமல் அனுப்பினால் நோயாளிக்கு நன்மையில்லை. படிப்பவருக்கும் சுமை உண்டு. எம்.எஸ்சி. நர்சிங் முழுநேரப் படிப்பு. இரண்டாண்டு ஊதியம் நின்றுபோகலாம். ஆகவே வார்டில் சில ஆண்டுகள் நன்கு பழகிய பின் மேற்படிப்பை எண்ணுவதே நன்று என்பது நம் கருத்து. சேருமுன் நர்சிங் கல்லூரிக்கு இந்திய செவிலியர் மன்றத்தின் ஏற்பும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற பல்கலைக்கழகத்தின் இணைப்பும் உள்ளனவா என்று பாருங்கள். நிர்வாகப் பட்டமாயின், குறிப்பாக அஞ்சல்வழிப் படிப்பாயின், பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதியை உறுதி செய்யுங்கள்.

நோயாளிகளும் உடனிருப்போரும் இதில் வெறும் பார்வையாளர் அல்லர். குறை இருப்பின் “கவனிப்பு சரியில்லை” என்று மட்டும் எழுதாமல், எந்த நாள், எந்த நேரம், அழைத்தபின் எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள் என்று குறித்து வார்டுப் பொறுப்புச் செவிலியரிடமோ கண்காணிப்பாளரிடமோ கொடுங்கள். நன்றாக நடந்ததையும் அவ்வாறே எழுதுங்கள். கூடுதலாக ஒரு செவிலியரைக் கேட்டு வாதிடும் நிர்வாகியின் கையில் அந்தக் குறிப்பே சான்றாக நிற்கும்.