கடற்பாசி கட்டிய வலை

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே உள்ள விழிஞ்ஞம் பழமையான துறைமுக ஊர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் ஒன்று இங்கு இயங்கி வருகிறது. ஓதம் தாழும் வேளையில் இவ்வூர்க் கடற்கரைப் பாறைகளை உற்றுநோக்கினால், பச்சை, பழுப்பு, சிவப்பு நிறப் பாசிகள் படர்ந்திருப்பதைக் காணலாம். சிவப்புப் பாசி வகைகள் சிலவற்றிலிருந்து ‘அகர்’ என்னும் பொருள் கிடைக்கிறது. நோன்புக் காலத்தில் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யப்படும் ‘கடற்பாசி’ என்னும் குளிர்ந்த இனிப்பு, இந்த அகரால் ஆனதே.

தமிழகத்தில் அகர் தரும் பாசிகள் மன்னார் வளைகுடாவில் மிகுதியாக வளர்கின்றன. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று மக்கள் அவற்றை அழைப்பர். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறைகளிலிருந்து அவற்றைப் பறித்து வருகின்றனர்.

நூறு கிராம் அகர்க் களியில் அகர் ஏறத்தாழ ஒரு கிராமே, எஞ்சியது நீர். அவ்வளவு நீர் வழிந்தோடாமல் நிற்பது எவ்வாறு? அகர் ஒரு பலபடி. அதாவது, சிறு அலகுகள் பல கோத்த நீண்ட சங்கிலி. கொதிநீரில் இச்சங்கிலிகள் தனித்தனியே பிரிந்து மிதக்கின்றன. நீர் ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்கின்றன. முறுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து கற்றைகளாகின்றன. இவ்வாறு உருவாகும் வலையின் கண்களுக்குள் நீர் சிறைப்படுகிறது. இந்நிலையை ‘ஜெல்’ என்பர்.

பனிக்கட்டி உருகும் வெப்பநிலையிலேயே நீரும் உறைகிறது. அகரோ அவ்வாறன்று. அது ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரி செல்சியசில் உறைகிறது. உறைந்ததை மீண்டும் உருக்க ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். கற்றைகளாக இறுகிவிட்ட முறுக்குகளைப் பிரிக்க மிகுந்த வெப்பம் தேவைப்படுவதே இதற்குக் காரணம்.

இந்த இடைவெளி மருத்துவ வரலாற்றையே மாற்றியது. ஜெர்மனியில் இராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் நுண்ணுயிரிகளை ஜெலட்டின் களியின்மேல் வளர்த்தனர். நோய்க் கிருமிகள் பல நன்கு வளர்வது மனித உடலின் வெப்பமான 37 டிகிரியில். அவ்வெப்பத்தில் ஜெலட்டின் உருகிவிடும். அங்குப் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, 1881ஆம் ஆண்டு அகரைப் பயன்படுத்தலாம் என்றார். அமெரிக்காவில் வளர்ந்த அவர், ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த அண்டை வீட்டாரிடமிருந்து அகரைப் பற்றி அறிந்திருந்தார். 1882ஆம் ஆண்டு காக் வெளியிட்ட காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் அகர் குறிப்பிடப்பட்டது. ஃபேனியின் பெயர் குறிப்பிடப்படவில்லை.

அகரின் வலை வெப்பத்தை மட்டும் சார்ந்ததன்று. அது கரைந்திருக்கும் நீர்மத்தையும் சார்ந்தது. சமையலறையிலேயே இதனை அறியலாம். சர்க்கரை தண்ணீரைத் தன்பால் ஈர்ப்பது. ஆகவே, அடர்ந்த சர்க்கரைப் பாகில் அகரை இட்டால் அது எளிதில் கரையாது. முதலில் வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்த பின்னரே சர்க்கரை சேர்த்தல் வேண்டும். பாலையும் சூடாகவே ஊற்ற வேண்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் அகர் உடனே திரிதிரியாக உறைந்துவிடும். எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைத்தால், புளிப்பு அமிலம் சங்கிலிகளைத் துண்டிக்கும், களி இறுகாது.

ஆல்கஹாலின் செயல் வேறு. அது சங்கிலிகளைத் துண்டிப்பதில்லை. தண்ணீரோடு அது மிகுதியாகக் கலந்தால் சங்கிலிகள் அக்கலவையில் கரைந்திருக்க இயலாமல், திரண்டு வெளியேறுகின்றன. வேறு சில சிவப்புப் பாசிகளிலிருந்து ‘கராகீனன்’ என்னும் பலபடியைப் பிரித்தெடுக்க ஆலைகள் இம்முறையைக் கையாள்கின்றன. ஒரே சங்கிலி ஒரு நீர்மத்தில் வலையாகிறது, மற்றொன்றில் திரளாகிறது.

இன்றும் உலகெங்கும் மருத்துவ ஆய்வகங்களில் கிருமிகளைக் கண்டறிய அகர்த் தட்டுகள் பயன்படுகின்றன. அத்தட்டின் பின்னால் பெயர் விடுபட்ட ஒரு பெண்ணின் அறிவும், கடலில் மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்களின் உழைப்பும் இருக்கின்றன.

சொல்லும் பொருளும்
ஓதம் – கடல்நீர் மட்டம் உயர்ந்து தாழ்தல்
பலபடி – சிறு அலகுகள் பல இணைந்த நீண்ட மூலக்கூறு
கற்றை – தொகுதி, கட்டு
நீர்மம் – திரவம்

பயிற்சி
1. அகர் உறையும் வெப்பநிலையும் உருகும் வெப்பநிலையும் வேறுபடுவது ஏன்?
2. கிருமிகளை வளர்க்க ஜெலட்டினைவிட அகர் ஏற்றதாக அமைந்தது எவ்வாறு?
3. எலுமிச்சைச் சாறு, ஆல்கஹால் ஆகிய இரண்டும் அகர்ச் சங்கிலிகளை எவ்வாறு மாற்றுகின்றன? வேறுபடுத்தி எழுதுக.
4. உங்கள் வீட்டில் கடற்பாசி இனிப்புச் செய்யும் முறையைப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.