விலை ஏறினால் குறைக்கும் ஃபார்முலா

பங்குச் சந்தையில் கணக்குப் போட்டு நிதானமாக முதலீடு செய்பவர் என்று பெயர் எடுத்தவர் எஸ். நரேன். சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக்., கொல்கத்தா ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை படித்தவர். 2004இல் ஐ.சி.ஐ.சி.ஐ. புருடென்ஷியல் மியூச்சுவல் ஃபண்டில் சேர்ந்து, பின்னர் தலைமை முதலீட்டு அதிகாரி ஆனார். எல்லோரும் பயந்து விற்கும்போது வாங்குவது இவர் வழி.

அந்நிறுவனத்தின் பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்டில் இது ஒரு ஃபார்முலாவாகவே இருக்கிறது. ஷேர் விலையை நிறுவனங்களின் புத்தக மதிப்பால் வகுக்கிறார்கள். விடை கூடினால் ஷேர் முதலீடு குறையும். விடை குறைந்தால் முதலீடு கூடும். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் சந்தை விழுந்தபோது இப்படித்தான் ஷேர் அளவு உயர்ந்தது. 2025 தொடக்கத்தில் ஸ்மால் கேப், மிட் கேப் ஷேர்களின் விலை மிக அதிகம் என்று நரேன் எச்சரித்தது பெரிய விவாதமானது.

எங்கள் பாளையம்பட்டியில் சீட்டு, நகை என்று சேமித்தவர்களும் இன்று செல்போனிலேயே எஸ்.ஐ.பி. மாதத் தவணை கட்டுகிறார்கள். பலர் பார்ப்பது போன வருட லாபத்தை மட்டுமே. அதற்குப் பதில் இதைச் செய்து பாருங்கள். நிஃப்டி இண்டெக்ஸ் இணையதளத்தில் பி/பி விகிதத்தை சி.எஸ்.வி. ஃபைலாக டவுன்லோடு செய்து எக்செலில் திறக்கவும். ஆவரேஜ் ஃபங்ஷனில் பத்து வருட சராசரியைக் கண்டுபிடித்து, இன்றைய எண்ணோடு ஒப்பிடவும். நாளைய விலையை இது சொல்லாது. ஆனால் மகளின் கல்யாணப் பணத்தை மொத்தமாக ஷேரில் போடும் முன் யோசிக்க வைக்கும்.