க்ஷயரோக மருந்தும் நமது மூலிகையும்

செஞ்சிச் சீமையைச் சேர்ந்த அவலூர்பேட்டை முதலான ஊர்களில், வரப்பிலும் தரிசிலும் மூக்கிரட்டையும் நெருஞ்சிலும் சிறுபீளையும் வித்திடுவாரின்றித் தாமே முளைக்கின்றன. நீர்க்கட்டு, நீரெரிச்சல், கல்லடைப்பு ஆகியவற்றுக்கு இவற்றை நம் முன்னோர் கையாண்டு வந்தனர். காசநோய் எனப்படும் க்ஷயரோகத்திற்கு உண்ணும் மருந்துகளால் சிறுநீரகத்துக்கு நேரும் கேட்டையும் இவை தடுக்குமோ என்று இன்று பலர் வினவுகின்றனர். இவ்வினாவை இகழ்ந்து தள்ளுவதும் தகாது. ஆராயாது ஆமென்பதும் தகாது.

முதலில் மருந்துகளின் இயல்பை அறிவோம். 1943-ல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினும், அதன் இனத்தவையான கானமைசின், அமிக்காசின் என்பவையும் ஊசி மருந்துகள். இவை சிறுநீரகத்தின் நுண்குழல்களில் தங்கி அவற்றின் அணுக்களைச் சிதைக்கக் கூடியவை. மருந்துக்கு அடங்காத க்ஷயத்திற்கு இவற்றைப் பல மாதங்கள் ஏற்றி வந்தனர்; இப்போது பெரும்பாலும் வாய்வழி மருந்துகளே அவ்விடத்தைப் பெற்றுவிட்டன.

சாதாரண நோயாளிக்குச் சர்க்கார் இலவசமாய் வழங்குபவை ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பூட்டால் என்னும் நான்கு. இரண்டு மாதம் நான்கும், பின் நான்கு மாதம் பைரசினமைட் நீங்கலாக மூன்றும் உண்ணல் வேண்டும். இவற்றுள் ரிபாம்பிசின் அருமையாகச் சிலருக்குச் சிறுநீரக அழற்சியை உண்டாக்குவதுண்டு. மருந்தை இடையில் விட்டு மீண்டும் தொடங்குவோரிடமே இது மிகுதியும் காணப்படுகிறது. இதே மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாய் இறங்கும். அது மருந்தின் நிறமேயன்றி இரத்தமன்று. இதனை அறியாத ஏழை, குண்டிக்காய் கெட்டதென்று அஞ்சி மருந்தை நிறுத்திப் பச்சிலையை நாடுவானாயின், அஞ்சிய ஆபத்தைத் தானே அழைத்தவனாவான். நோயும் மருந்துக்கு அடங்காததாய் முற்றும்.

இனி மூலிகைகளைப் பார்ப்போம். ஸ்ட்ரெப்டோமைசின் இனத்ததாகிய ஜென்டாமைசினை எலிகளுக்கு ஏற்றி, மேற்சொன்ன மூலிகைகளின் சாரத்தையும் கொடுத்துச் சோதித்த ஆராய்ச்சிகளில், சிறுநீரகச் சேதம் குறைந்ததாகக் காணப்பட்டது. நம் நாட்டு வைத்தியத்தில் பற்றுடைய நமக்கு இது மகிழ்ச்சியளிப்பதே. எனினும் எலிக்குக் கண்டது மனிதனுக்குக் கண்டதாகாது. எவ்வளவு கொடுப்பது, க்ஷய மருந்தின் வலிமையை மூலிகை குறைக்குமா என்பவற்றையெல்லாம் மனிதரிடத்தே சோதித்துத் தெளிய வேண்டும்.

மூலிகையாதலால் தீங்கில்லை என்பாரும் உளர். ஐரோப்பாவில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிவதற்கென ஒரு சீன மூலிகை கலந்த மாத்திரையை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்த செய்தி 1993-ல் வெளிவந்தது. அம்மூலிகை நமது ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்திலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலமே அக்கேட்டிற்குக் காரணம். சிறுநீரகத்தைக் காக்கும் செடி முளைக்கும் காட்டிலேயே அதனைக் கெடுக்கும் செடியும் முளைக்கிறது!

சோதிப்பதற்கு நம்மிடம் இடமில்லையா? டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் நிறுவிய க்ஷயரோக வைத்தியசாலை தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிறது. 2005-ல் தொடங்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. சென்னையில் 1956-ல் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம், நோயாளி வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959-ல் மெய்ப்பித்து உலகத்தின் வழக்கத்தையே மாற்றியது. அத்தகைய நாட்டில் டாக்டரும் சித்த வைத்தியரும் ஒருங்கமர்ந்து, மூக்கிரட்டையின் மெய்யைக் கண்டறிவது இயலாததன்று. அதற்கு வேண்டிய பொருளைச் சர்க்கார் உதவக் கடமைப்பட்டிருக்கிறது.

அதுவரை கிராமத் தொண்டர்கள் செய்ய வேண்டுவது தெளிவு. எடுத்த மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தலாகாது எனச் சொல்லுங்கள். உண்ணும் பச்சிலை எதுவாயினும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம் எனச் சொல்லுங்கள். முகமோ காலோ வீங்கினும், சிறுநீர் குறையினும் உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். 2024 நவம்பர் முதல் நோயாளியின் உணவுக்கென மாதம் 1000 ரூபாய் உண்டென்பதையும் அறிவித்து, அதனைப் பெற்றுத் தாருங்கள். நமது மூலிகையின் பெருமையை நாட்டுவது ஆராய்ச்சியின் வேலை. அதன் பெயரால் ஓர் உயிரும் போகாமற் காப்பது நம் வேலை.